ஐப்பசியில் லூருக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

வீட்டில் செதுக்கிய மர லூரை, அதாவது மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் பொய் இரையை, நாலைந்து முறை தண்ணீரில் போட்டு எடுத்தபிறகு அதன் வயிற்றை விரலால் தடவிப் பாருங்கள். முள் தொங்கும் வளையத்தைச் சுற்றி லேசாக உப்பியிருக்கும். நகம் பட்டால் பெயிண்ட் பொருக்காக வரும். உள்ளே மரம் கறுத்து, ஈரமாக இருக்கும். உடனே பெயிண்ட் மட்டம் என்று சொல்லி அடுத்த லூருக்கு விலை கூடின டப்பா வாங்குவோம். அதுவும் அதே இடத்தில் உரியும். கம்பித் துளையிலோ, லூரை முங்கி ஆடவைக்கும் முன்தகடு சொருகிய பள்ளத்திலோ தண்ணீர் இறங்கி, மரம் ஊறிப் பருத்து, மேலே உள்ள பூச்சை உள்ளிருந்தே தள்ளுகிறது. பெயிண்ட் என்ன செய்யும்? ஆகவே இந்தப் பதிவில் நிறம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

முதலில் மரம். காவிரி டெல்டாவில் லேசான பால்சா மரம் தேடி அலைய வேண்டியதில்லை. வேலியோரத்துக் கல்யாண முருங்கை கத்திக்கு வெண்ணெய் மாதிரி வரும், எடையும் குறைவு. ஆனால் தண்ணீரைப் பஞ்சு போலக் குடிக்கும். பூவரசு கனம், இழை நெருக்கம். திருகு வளையம் போட்டால் கெட்டியாகப் பிடிக்கும். தச்சுப் பட்டறையில் தேக்குத் துண்டு சும்மாவே கிடைக்கும் என்றாலும் அதில் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் இரண்டு தடவை துடைத்து, ஆறவிட்டு, அன்றைக்கே சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசாவிட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். நெட்டியில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அழகான பொருள்தான். தக்கைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் வெறும் தண்டுச் சோறு. முள்ளை விரால் ஒரு இழுப்பு இழுத்தால் வளையம் கையோடு வந்துவிடும்.

வெட்டின பச்சை மரத்தில் வேலை செய்யக் கூடாது. நிழலில் காயப் போட்டு, வாரம் ஒருமுறை நகைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்து, இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றபிறகு செதுக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் நீங்கள் எவ்வளவு அடைத்தாலும் சித்திரை வெயிலில் அது ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக்கும்.

செதுக்கின பிறகு உப்புத்தாள் 120, 220, 320 என்று ஏறுவரிசையில். 320 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவையுங்கள். படுத்துக் கிடந்த நாரெல்லாம் மயிர்க்கூச்செறிந்த மாதிரி நிமிரும். மறுபடி 320 போட்டு அதை வழித்துவிட வேண்டும். இதை விட்டால் சீலர் பட்டதும் நார் நிமிர்ந்து, கடைசிப் பூச்சு வரை சொரசொரப்பு தெரியும்.

எடைக்கு ஈயம் வைப்பதும் முள் மாட்டக் கம்பி வைப்பதும் சீலருக்கு முன்னால். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இதில்தான். 9 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. உயரம், 1.2 செ.மீ. தடிமன் உள்ள மீன் வடிவ லூரின் கொள்ளளவு ஏறக்குறைய 11 கன செ.மீ. அதாவது மொத்த எடை 11 கிராமைத் தாண்டினால் நல்ல தண்ணீரில் முழுகும். கல்யாண முருங்கை மரம் மூன்றரை கிராம், மூன்று கொக்கி சேர்ந்த மூணுமுள் இரண்டும் சேர்ந்து இரண்டரை கிராம், கம்பியும் வளையமும் ஒரு கிராம், முன்தகடு ஒரு கிராம். எட்டு ஆயிற்று. மிச்சம் மூன்று கிராம் இருக்கிறதே என்று அவ்வளவுக்கும் ஈயம் வைத்துவிட்டால், மேலே வரப்போகிற பெயிண்டும் எபாக்ஸியும் (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் மேல்பூச்சு) இரண்டு கிராமுக்கு மேல் சேர்ந்து, மிதக்க வேண்டிய லூர் வாய்க்கால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வாளியில் மிதக்கவிட்டுப் பார்க்கும்போது முள், வளையம் எல்லாம் மாட்டி, அதோடு பூச்சின் எடைக்கு ஈடாக இரண்டரை கிராம் ஈயக் கம்பியை ரப்பர் பேண்டால் கட்டிப் பாருங்கள். அப்படியும் முதுகு வெளியே தெரிந்தால் சரி. கொள்ளிடம் முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் இதே லூர் இன்னும் கொஞ்சம் உயரமாக மிதக்கும். ஈயத்தைக் கையாண்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அடைப்புக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர் போதும். தச்சர்கள் கதவுக்கு அடிக்கிறதுதான். சீலரும் தின்னரும் சம அளவு கலந்து, பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, லூரைக் கம்பியால் கட்டி முழுசாக முக்குங்கள். முதல் முக்கலில் குமிழி விடும். குமிழி நிற்கும்வரை உள்ளேயே இருக்கட்டும். எடுத்துத் தொங்கவிட்டு, மூக்கில் திரளும் சொட்டை விரலால் வழித்துவிட்டு, நாலு மணி நேரம் கழித்து 400 தாள். இப்படி மூன்று தடவை, கல்யாண முருங்கை மாதிரி தண்ணீர் குடிக்கும் மரமாக இருந்தால் ஐந்து. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊசி போட்டுச் சீலரை விட வேண்டும், முக்கினால் தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம். துளையில் காற்று அடைத்துக்கொண்டு சீலரை உள்ளே விடாது.

சரியாக அடைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லூரை நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் அழுத்தி வையுங்கள். காலையில் துடைத்து மறுபடி நிறுங்கள். 0.05 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் எங்கேயோ குடிக்கிறது. காயவைத்து மறுபடி சீலர். இந்த ஒரு சோதனையைத் தாண்டாத லூருக்கு வண்ணம் பூசுவது, ஒழுகும் கூரைக்கு உள்ளே வெள்ளையடிக்கிற வேலை.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாக் காற்றில் கையை விட்டால் பிழியலாம். என்.சி. சீலரிலும் லாக்கரிலும் இருக்கிற தின்னர் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிரும். காற்று ஈரம் அதன்மேல் பனி மாதிரி படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போவது இதனால்தான். லேசாக வெளுத்திருந்தால், வெயிலடிக்கும் நாளில் வெறும் தின்னரை மெல்லியதாகத் தூவினால் பூச்சு இளகி ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். அவசரமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சேர்க்கலாம். சூப்பர் குளூவால் அடைக்கிறவர்களுக்கும் இதே கதி, வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும். எபாக்ஸியின் கதை வேறு: அதன் ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து பரப்பில் வழவழவென்று மெழுகுப் படலம் கட்டும். அதைத் தாளால் தேய்த்தால் தாள்தான் அடைபடும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும், கரைந்து போய்விடும். அதன்பிறகு தாள் போடலாம். அப்படியே விட்டு இரண்டாம் பூச்சு போட்டீர்களானால் முழு ஏடாக உரிந்து வரும். மழை மாதத்தில் செதுக்கி, தாள் போட்டு வையுங்கள். பூச்சு வேலை தை, மாசி, பங்குனியில்.

நாளிலும் நேரம் உண்டு. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து, ஈரப் பூச்சில் குமிழி குமிழியாக வெளியே வரும். பிற்பகல் தாண்டி, சூடு இறங்கத் தொடங்கும் நேரத்தில் பூசினால் காற்று சுருங்கிப் பூச்சையும் உள்ளே இழுக்கும். அதற்காகப் பனி இறங்கும்வரை தாமதிக்கவும் கூடாது. நாலு மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைப்பதற்குள் முடித்து, வீட்டுக்குள் கொண்டுவந்து விடுவது கணக்கு.

இனி வண்ணம். வெள்ளை ப்ரைமர் இரண்டு மெல்லிய கோட்டு. நிறம் பளிச்சென்று தெரிய அடியில் வெள்ளை வேண்டும், முக்கியமாக பிளோரசன்ட் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும். வெள்ளை இல்லாமல் அடித்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே இந்த வேலைக்கு ஒத்துவரும். துணிக்குப் பூசும் அக்ரிலிக்கும் சரியே. காற்றால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. நாசில், 20 முதல் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். தயிர் பதத்தில் ஊற்றினால் துப்பும். தண்ணீர் கூடினால் சிலந்திக்கால் மாதிரி ஓடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நிமிஷம். வெளிர் நிறம் முதலில், கறுப்புக் கடைசியில்: வயிறு, விலா, முதுகு என்று மேலேறிப் போங்கள்.

எந்தப் பெயிண்டின் மேல் எது போகும் என்பது தெரியாமல் போன லூர்கள் ஏராளம். எனாமலின் மேல் என்.சி. லாக்கரோ ஸ்பிரே கேனோ அடித்தால், அதில் உள்ள காரமான தின்னர் அடியில் உள்ளதை இளக்கி, தோல் சுருங்கின கத்திரிக்காய் மாதிரி ஆக்கிவிடும். என்.சி.யின் மேல் எனாமல் போகலாம். நன்கு காய்ந்து, 400 தாளால் கீறின எதன்மேலும் அக்ரிலிக் போகலாம். நகப்பாலீஷை அக்ரிலிக்கின் மேல் தொட்டால் கீழ் வண்ணம் கலங்கி அதோடு வந்துவிடும், கண் வரைய அது வேண்டாம்.

எந்த நிறம் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம்: விராலுக்குச் செதில் வரைகிறவர்கள் தங்களுக்காக வரைகிறார்கள். ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே தத்திப்போகும் தவளையை விரால் கீழிருந்துதான் பார்க்கிறது. அதற்குத் தெரிவது வயிறும், வானத்துக்கு எதிரே விழும் கறுத்த உருவமும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும் நாட்களில் முழுக் கறுப்பு, அல்லது கறுப்பு முதுகும் ஆரஞ்சு வயிறும். தண்ணீர் நின்று குட்டை தெளிந்த மாசி, பங்குனியில் பச்சை முதுகும் மஞ்சள் கலந்த வெள்ளை வயிறும். முதுகின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டோ ஆரஞ்சுப் பொட்டோ வையுங்கள். மீனுக்கு அதனால் ஒன்றுமில்லை. கோரைக்குள் லூர் எங்கே போகிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவே.

தவளைப் புள்ளிக்குத் தூரிகை வேண்டாம். தென்னை ஈர்க்கை அடிப்பக்கம் நறுக்கினால் பருமன் ஒரு அளவு, நடுவில் நறுக்கினால் ஒரு அளவு, நுனியில் இன்னொன்று. மூன்று துண்டு நறுக்கி வைத்துக்கொண்டு, வண்ணத்தில் முனையை மட்டும் தொட்டு நேராகக் குத்தி நேராக எடுங்கள். சாய்த்து எடுத்தால் வால் விழும். பெரிய கரும்புள்ளி காய்ந்தபின் அதன் நடுவில் சின்ன ஈர்க்கால் மஞ்சள் வைத்தால் தவளைத் தோல் வந்துவிடும். ஒரு தொடுகைக்கு மூன்று புள்ளிதான், நாலாவது வெளிறிப்போகும்.

கொடுவாய் மீனுக்கு இந்த அலட்சியம் ஆகாது. பழையாறு, பூம்புகார்ப் பக்கத்துக் கழிமுகத்தில் தெளிந்த ஏற்றத்தண்ணீரில் அது மடவைக் குஞ்சைத் துரத்துகிறது. வெள்ளி விலாவும் நீலச் சாம்பல் முதுகும் அங்கே வேலை செய்யும். செதிலுக்குக் குளியல் நாரின் வலையை ஒற்றை அடுக்காகப் பிரித்து லூரின்மேல் விறைப்பாக இழுத்து, முதுகோரம் துணிக் கிளிப்பால் கவ்வி, கருநிறத்தை மேலிருந்து சாய்வாகத் தூவுங்கள். வலை எங்கே உடம்பில் ஒட்டாமல் எழும்பி நிற்கிறதோ அங்கே செதில் மங்கிப்போகும். காயும் முன்பே வலையை மேலாகத் தூக்கி எடுக்கணும். இழுத்து உருவினால் எல்லாம் தீற்றிவிடும்.

அச்சு அசலாக வெள்ளி மின்னல் வேண்டுமென்றால் சமையலறை அலுமினியத் தாள். தாளை அரத்தின்மேல் வைத்து விரலால் ஒரு திசையில் தேய்த்து, பிறகு கொஞ்சம் திருப்பி மறுபடி தேய்த்தால் குறுக்கு மறுக்காக வரி விழுந்து செதிலாகும். இரண்டு விலாவுக்கும் தனித்தனியாக வெட்டி, செருப்புக்கு ஒட்டும் பசையை மெல்லியதாகத் தடவி, பசை கையில் ஒட்டாத பதத்தில் ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். சுருக்கம் முதுகிலும் வயிற்றிலும் வந்து சேரும், அங்கே வண்ணம் மறைத்துவிடும். வெறும் அலுமினியத்தில் அக்ரிலிக் பிடிக்காது. ஒரு மெல்லிய கிளியர் கோட்டு போட்டுக் காயவைத்த பிறகே முதுகு நிறம். தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு எனும் சுண்ணப் பசையின் மேல் தங்கத்தாள் ஒட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நீவல் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்தகடு பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். அக்ரிலிக் தகடு கல்லில் பட்டால் உடையும். ஐந்தாறு செ.மீ. லூருக்குப் பழைய சி.டி. போதும், அது 1.2 மி.மீ. பாலிகார்பனேட். வெள்ளிப் படலத்தைக் கீறி, பேக்கிங் டேப்பை ஒட்டி இழுத்தால் உரிந்துவிடும். பெரிய லூருக்கு 2 மி.மீ. தகடு. தின்னர் பட்டால் பாலிகார்பனேட் வெடித்து வெளுக்கும். அதனால் சீலர், ஸ்பிரே எல்லாம் முடிந்தபின் எபாக்ஸியால் ஒட்டுங்கள். மேல்பூச்சு தகட்டின் வேர் வரை ஏறி அந்தப் பள்ளத்தை மூட வேண்டும். தகட்டின் மற்ற பகுதிக்கு டேப்.

மேல்பூச்சுக்கு மெதுவாக இறுகும் தெளிவான எபாக்ஸி. ஐந்து நிமிஷ எபாக்ஸி ஒட்ட மட்டும். பூசி முடிக்கும் முன்பே கம்பி இழுக்கும், சீக்கிரம் மஞ்சளடிக்கும். மேலே சொன்ன 9 செ.மீ. லூருக்கு ஒரு கோட்டில் நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லிதான். ஆனால் ஒரு மில்லியைச் சரியான விகிதத்தில் கலக்க முடியாது, மூன்று மில்லியாவது கலக்குங்கள். டப்பாவில் போட்ட விகிதம் கொள்ளளவுக்கா எடைக்கா என்று பாருங்கள். ரெசின் கனம், ஹார்ட்னர் லேசு. கொள்ளளவில் ஒன்றுக்கு ஒன்று என்பதைத் தராசில் ஒன்றுக்கு ஒன்றாக நிறுத்தினால் ஹார்ட்னர் கூடிப்போகும். ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்கி, ரெசினுக்கு ஒன்று, ஹார்ட்னருக்கு ஒன்று என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுகிற பழக்கம் ஃபைபர் பட்டறையிலிருந்து வந்தது. அது பாலியெஸ்டர் ரெசின், அங்கே சொட்டு கூடினால் வேகம் கூடும். எபாக்ஸியில் கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்புத்தான், பத்து நாள் ஆனாலும் இறுகாது. அப்படி ஆகிவிட்டால் ஸ்பிரிட் துணியால் வழித்தெடுத்து, சரியாகக் கலந்ததை மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை. வழிக்கும்போது அழுத்தித் தேய்த்தால் ஸ்பிரிட் வண்ணத்தையும் கரைத்துவிடும், பார்த்து.

இரண்டு நிமிஷம் மெதுவாக, ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறு கப்புக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிஷம். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருக்கும் கலங்காத ரெசின்தான் லூரில் திட்டுத் திட்டாக ஒட்டும் இடமாக மாறுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் எபாக்ஸி வேலைசெய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி தாங்குவது வைகாசி மதியம் 35 டிகிரியில் கால் மணிதான். கப்பில் குவியலாக வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றினால் கொஞ்சம் தாங்கும்.

பூசும் முன் லூரை வெறுங்கையால் தொடாதீர்கள். தேங்காயெண்ணெய் தடவிய தலையைக் கோதிய கை ஒருமுறை பட்டால் போதும், அந்த இடத்தில் எபாக்ஸி விலகி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். குழி விழுந்தால் அப்போதே தூரிகையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், மூடாவிட்டால் காயவிட்டு 600 தாளால் தேய்த்து இரண்டாம் கோட்டு. குமிழிக்கு ஹேர் டிரையரின் வெப்பத்தை இரண்டு மூன்று வினாடி காட்டினால் போதும், கூடினால் எபாக்ஸி தண்ணீராகி வழியும்.

சுற்றிக்கொண்டே இருந்தால்தான் சமமாக நிற்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றும் மோட்டார் நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று, இதற்கென்றே செய்த மாதிரி. மோட்டாரின் மேல் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கரண்டு கொடுங்கள். 230 வோல்ட் உண்டு, 21 வோல்ட் உண்டு, மாற்றிக் கொடுத்தால் புகைதான். மின்வெட்டு வந்தால் கையால்தான் சுற்றணும்: முதல் கால் மணி நேரம் நிமிஷத்துக்கு ஒரு அரைச்சுற்று, அடுத்த ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. நின்றால் வயிற்றில் எபாக்ஸி இறங்கித் தொப்பை போடும், லூர் சாய்ந்து நீந்தும். தடியாக ஒரே கோட்டு போடுவதைவிட மெல்லியதாக இரண்டு மேல். மறுநாள் 600 தாளால் ஈரமாகத் தேய்த்து, கழுவிக் காயவைத்து இரண்டாவது. கையில் ஒட்டாமல் காய ஒரு நாள், முள் மாட்ட மூன்று நாள், கொடுவாய் பல்லுக்கு ஒரு வாரம்.

புற ஊதா ஒளி பட்டால் இறுகும் யு.வி. ரெசின் வாங்குகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பூசாதீர்கள், டெல்டா வெயிலில் தூரிகையிலேயே இறுகும். கார் பட்டறையில் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் அதன் ஹார்ட்னரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதற்குப் போதாது, மூடின அறையில் அடிக்கவே கூடாது. பட்டறையில் வண்டிக்கு அடிக்கும்போது இதையும் தொங்கவிடச் சொல்லலாம்.

முள் மாட்டி அசைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முள்ளும் வயிற்றில் பிறைபோல ஒரு கோடு கிழிப்பது தெரியும். ஒரு பருவத்தில் அந்தப் பிறை எபாக்ஸியைத் தாண்டி மரத்தைத் தொடும், அங்கிருந்து தண்ணீர் நுழையும். இரண்டாம் கோட்டு காய்ந்தபின் அந்தப் பிறையின் மேல் மட்டும் மூன்றாவதாக ஒரு தீற்று. மூக்கிலும் அப்படியே, கால்வாயின் சிமென்ட் கரையில் முதலில் மோதுவது அதுதான். சில்லு தெறித்தால் அன்றைக்கே அந்த லூரை நிறுத்திவையுங்கள். இரண்டு நாள் காயவைத்து, ஒரு சொட்டு எபாக்ஸி வைத்தால் மிச்ச உடம்பு தப்பிக்கும்.

பெட்டியில் வைக்கும்போது ரப்பர் தவளையையும் ரப்பர் புழுவையும் பெயிண்ட் அடித்த லூரோடு ஒரே அறையில் போடாதீர்கள். அந்த மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய் பெயிண்டை இளக்கிப் பிசினாக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது தோல் முழுக்க அதோடு வரும். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும் ஆகாது, கறுப்பு லூர்தான் அதில் முதலில் கொப்புளிக்கும்.